மாஸ்டரம்மாவும் நிற்காத டேப்பும்

சைக்கிள் கடைக்கு மேலே இருக்கும் அந்த நீளமான கூடத்தில் எட்டுத் தையல் மெஷின்கள், துணி ஓரம் பிசிறாமல் அடிக்கும் ஓவர்லாக் ஒன்று, ஒரு இஸ்திரி மேசை, நடுவில் நாலு பேர் படுத்துத் தூங்கலாம் போல ஒரு வெட்டு மேசை. அந்த மேசைக்குப் பின்னால் கத்தரிக்கோலும் கையுமாக நிற்பவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அடையாள அட்டையைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. ஒரு பெண்பிள்ளை கட்டிங் மாஸ்டர் ஆனால் அவளை என்னவென்று அழைப்பது என்று முதலில் விழித்தவர்கள், மாஸ்டரோடு ஓர் அம்மாவைச் சேர்த்துத் தைத்துப் பிரச்சினையை முடித்தார்கள். அன்றிலிருந்து இருபத்தாறு வருஷமாக அவள் மாஸ்டரம்மாதான்.

வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசுகிற ஆள் என்று சிலரைச் சொல்வோமே, மாஸ்டரம்மா பேச்சிலும் அப்படி, தொழிலிலும் அப்படி. இருபது அடுக்குத் துணியை ஒரே ஓட்டத்தில் வெட்டுவாள். அடி அடுக்கும் மேல் அடுக்கும் நூல் பிடித்த மாதிரி ஒன்றாக இருக்கும். ஆஸ்பத்திரி நர்சுகளின் சீருடைதான் அந்தக் கூடத்துக்குச் சோறு போட்டது. நகரத்தில் பாதி நர்சுகளின் தோள் அகலம் அவளுக்கு மனப்பாடம்.

அந்தக் கூடத்துக்கென்று இரண்டு வழக்கங்கள் இருந்தன. ஒன்று, ஜன்னலைத் திறக்கக் கூடாது. அளவுக்காக வெட்டி வைத்திருக்கும் மெல்லிய காகிதங்கள் காற்றடித்தால் பறக்கும், சாக்பீஸ் கோடு போட்ட துணி நகரும், கை வேறு மார்பு வேறு ஆகிவிடும். அதனால் ஆறு ஜன்னல்களின் கொக்கிகளும் துருவேறி, திறப்பது எப்படி என்பதையே மறந்துபோயிருந்தன. இன்னொன்று, யார் இருமினாலும் அது பஞ்சு இருமல். துணியிலிருந்து உதிரும் பஞ்சுத்தூசி தொண்டையில் ஏறி, வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரமே எல்லோருக்கும் இருமல் வந்துவிடும். ஓவர்லாக் மெஷினில் உட்காருகிற பெண்ணுக்கு, வாய் ஓயாததால், ரேடியோ என்று பெயர். புதிதாகச் சேர்ந்தவர் முதல் தடவை இருமும்போது அவள் திரும்பிப் பார்த்து, "இப்பதான் நீ எங்க ஆளு" என்பாள்.

காய்ச்சலைப் பற்றி மாஸ்டரம்மாவுக்குச் சொந்தமாக ஒரு சித்தாந்தமே உண்டு. "படுத்தாத்தான் அது காய்ச்சல். நின்னுக்கிட்டே வேலை பாரு, அதுக்கே சலிச்சுப்போய் வேற ஆளைத் தேடிப் போயிடும்." வேறு ஆளைத் தேடிப் போகும் என்பது எவ்வளவு சத்தியமான வார்த்தை என்று அவளுக்கு அப்போது தெரியாது.

காஜா என்பவள் அவளுடைய மருமகள். சட்டையில் பொத்தான் போகிற துளைக்குக் காஜா என்று பெயர். அதைக் கையால் எடுப்பதில் அந்தப் பெண்ணை மிஞ்ச ஆள் இல்லாததால் அவளுக்கும் அதுவே பெயராயிற்று. முதலில் வேலைக்குத்தான் வந்தாள். சரக்கு வேன் ஓட்டும் மாஸ்டரம்மாவின் மகன் அம்மாவுக்குச் சாப்பாடு கொடுக்க வருகிற சாக்கில் தினம் இரண்டு தரம் மாடியேறியபோதே ரேடியோ விஷயத்தை ஒலிபரப்பிவிட்டாள். மாஸ்டரம்மா அதற்கு முன்பே முடிவுக்கு வந்திருந்தாள். பெண்ணின் முகத்தைப் பார்த்து அல்ல, அவள் எடுத்த காஜாவைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்து. பின்பக்கமும் முன்பக்கம் போலவே இருந்தது. இப்படி ஒரு பெண்ணை விடக் கூடாது என்று அவளே போய்ப் பெண் கேட்டாள்.

அந்த மருமகள் ஆறு மாதக் கர்ப்பமாக இருந்தபோது, மழைக்காலத்துக்குச் சற்று முன்னால், இருவரும் ஆஸ்பத்திரிக்குச் சீருடை மூட்டையோடு போனார்கள். துணி அறையைக் கவனிக்கும் பெரிய சிஸ்டர் உருப்படிகளைச் சரிபார்த்துவிட்டு, "இங்க வந்து போறவங்க எல்லாருக்கும் ஃப்ளூ தடுப்பூசி போடுறோம். ரெண்டு பேரும் போட்டுக்கிட்டுப் போங்க. முக்கியமா இவங்களுக்கு வேணும்" என்று காஜாவைக் காட்டினார்.

காஜா உடனே சட்டைக் கையின் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"வயித்துல பிள்ளையை வெச்சுக்கிட்டு ஊசியா? அதெல்லாம் வேண்டாம். முதல்ல பிள்ளை பிறக்கட்டும்" என்றாள் மாஸ்டரம்மா.

"பிள்ளைக்காகத்தாங்க சொல்றேன். அம்மா போட்டுக்கிட்டா அது பிள்ளைக்கும் போய்ச் சேரும். பிறந்து ஆறு மாசம் வரைக்கும் அதுக்குன்னு தனியா போட முடியாது."

"சிஸ்டர், ஃப்ளூன்னா சளிதானே. எங்க கூடத்துல இல்லாத இருமலா?"

காஜா மாமியாரை ஒருமுறை பார்த்தாள். பிறகு பொத்தானைத் திரும்பப் போட்டுக்கொண்டாள். பெரிய சிஸ்டர் மூட்டைக்கான ரசீதை நீட்டினார்.

இங்கே ஒரு ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். நாள் முழுக்க ஊசியோடு குடித்தனம் நடத்துகிற மாஸ்டரம்மாவுக்கு ஊசி என்றால் பயம். துணியில் ஏறுகிற ஊசி அல்ல, தோலில் ஏறுகிற ஊசி. மருமகள் போட்டுக்கொண்டால் அடுத்து தன் கையை நீட்ட வேண்டி வருமே என்ற பயம் அந்த "வேண்டாம்" என்ற வார்த்தைக்குள் பாதிக்கு மேல் இருந்தது. அதை அவள் தன்னிடமே ஒப்புக்கொள்ளவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் புதிய கட்டடம் திறக்கப் போகிறார்கள், நூற்றெண்பது ஜோடி சீருடை வேண்டும் என்று அவசரம். ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மாஸ்டரம்மா நன்றாகத்தான் இருந்தாள். பதினொரு மணிக்குக் கத்தரிக்கோல் கல்லாய்க் கனத்தது. தலை விண்விண் என்று தெறித்தது. யாரோ கட்டையால் அடித்துப் போட்டது போல இடுப்பும் தொடையும் வலித்தன. மூடிய கூடத்துக்குள் அவளுக்கு மட்டும் குளிரெடுத்தது. இரண்டு காய்ச்சல் மாத்திரையை விழுங்கி, காதை மறைத்து ஒரு துணியைக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள்.

"மாஸ்டரம்மா, இருமல் பலமா இருக்கே" என்றாள் ரேடியோ.

"பஞ்சு இருமல்."

"குளிருதா என்ன, தலையில கட்டியிருக்கீங்க?"

"உன் பேச்சு காதுல விழக்கூடாதுன்னுதான்."

கூடம் சிரித்தது. மாஸ்டரம்மாவும் சிரித்து, சிரிப்பு இருமலாகி, வெட்டு மேசையில் கையூன்றி நின்றாள்.

அன்றும் மறுநாளும் அவள் ஒரு காரியத்தை விடாமல் செய்தாள். மருமகள் கர்ப்பமானதிலிருந்தே அவளுக்கு ஒரு பழக்கம். காலையில் வந்ததும் இருபது ஊசிகளில் நூல் கோத்து, உள்ளங்கை அகலப் பஞ்சு மெத்தையில் வரிசையாகக் குத்தி, காஜாவின் பக்கத்தில் வைத்துவிடுவாள். பிள்ளைத்தாச்சி குனிந்து கண்ணைச் சுருக்கிச் சிரமப்பட வேண்டாமே என்று. நூல் நுனியை உதட்டில் வைத்து நனைத்து, விரலால் கூர்மையாக்கி, ஒரே குத்தில் கோத்துவிடுவாள். காஜா ஒவ்வொரு துளையையும் முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுப்பாள். மாமியாரின் பிரியம் அப்படியே மருமகள் வாய்க்குப் போய்ச் சேர்ந்தது, காய்ச்சலும் கூடவே போயிருக்கலாம்.

புதன்கிழமை ரேடியோ வரவில்லை. கூடத்தில் ஏற்பட்ட அமைதியே பயமாக இருந்தது. மத்தியானம் இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "கண்ணைத் திறக்க முடியலை மாஸ்டரம்மா" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். வியாழக்கிழமை மூன்று மெஷின்கள் காலி. மாஸ்டரம்மாவுக்கு மட்டும் காய்ச்சல் விட்டிருந்தது, கால்களில்தான் பலம் இல்லை. பார்த்தாயா, நின்றே விரட்டிவிட்டேன் என்று அவள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த அதே மத்தியானம், காஜா ஊசியை மெத்தையில் குத்திவிட்டு, "அத்தை, உடம்பெல்லாம் நடுங்குது" என்றாள்.

வீட்டுக்கு அனுப்பினார்கள். வீடு இரண்டு தெரு தள்ளி. மகன் வேனோடு வெளியூர் போயிருந்தான், சனிக்கிழமை மத்தியானம்தான் வருவான். வெள்ளிக்கிழமை முழுக்க மாஸ்டரம்மா வேலையிலிருந்து நாலு தரம் ஓடி வந்து பார்த்தாள். வெந்நீர் கொடுத்தாள், சூப் வைத்துக் கொடுத்தாள், காய்ச்சல் மாத்திரை கொடுத்தாள். எப்போது கேட்டாலும் மருமகள், "பரவாயில்லை அத்தை, நீங்க போங்க, ஆர்டர் நிக்குது" என்றாள். பரவாயில்லை என்று சொல்கிறவர்களை நம்பக் கூடாது என்பதை மாஸ்டரம்மா மறந்திருந்தாள். அவளும் திங்கட்கிழமை முழுக்க அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். காஜா தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, இந்தக் கவுன் நெஞ்சை இறுக்குது. மூச்சு முட்டுது. பக்கத் தையலைக் கொஞ்சம் பிரிச்சு விடுறீங்களா?"

இது மாஸ்டரம்மாவுக்குத் தெரிந்த வேலை. மாதம் ஒருமுறை அளவெடுத்து, மருமகளின் உடைகளை அவள்தான் பிரித்து விட்டுக்கொண்டிருந்தாள். கழுத்தில் எப்போதும் தொங்குகிற டேப்பை எடுத்து மருமகளின் மார்பைச் சுற்றிப் பிடித்தாள்.

அளவெடுப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. டேப்பைச் சுற்றியதும் எவருமே மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள், அல்லது நெஞ்சை நிமிர்த்துவார்கள். சாதாரணமா இருங்க என்று சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இரண்டு மூச்சு, மூன்று மூச்சு. அதற்குள் ஆள் தளர்ந்துவிடுவார், டேப் ஓர் எண்ணில் வந்து நிற்கும். அந்த எண்தான் அளவு. இருபத்தாறு வருஷத்தில் டேப் வந்து நிற்காத உடம்பை அவள் பார்த்ததில்லை.

அன்றைக்கு டேப் நிற்கவில்லை. ஏறியது, இறங்கியது, இறங்கி முடிப்பதற்குள் மறுபடி ஏறியது. மாஸ்டரம்மா காத்திருந்தாள். ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. கவுனுக்கும் உடம்புக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தாள். இரண்டு விரல் தாராளமாகப் போயிற்று. கவுன் இறுக்கமே இல்லை.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி டேப்பின் ஏற்றத்தை எண்ணினாள். ஒரு நிமிஷத்தில் முப்பத்தி நாலு. டேப்பைத் தன் மார்பில் சுற்றிக்கொண்டு எண்ணினாள். பதினாறு.

"பிள்ளை அசையுதா?" என்றாள்.

"அசையுது அத்தை. முன்ன மாதிரி இல்லை."

பிறகு நடந்ததெல்லாம் அவளுக்குக் கோவையாக நினைவில்லை. வாடகைக் கார் பிடித்தது, டேப் கழுத்தில் தொங்கியபடியே ஏறியது, ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது, இவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே இருவருக்கும் முகக்கவசம் கொடுத்தார்கள். காஜாவின் விரல் நுனியில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். ரத்தத்தில் பிராணவாயு தொண்ணூற்றொன்று என்று காட்டியது. குறைவு என்று நர்சின் கைகளின் வேகத்திலேயே தெரிந்துவிட்டது. பிராணவாயுக் குழாய் வந்தது. வயிற்றில் ஒரு கருவியை வைத்துப் பிள்ளையின் இதயத் துடிப்பைத் தேடினார்கள். தேடுகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மாஸ்டரம்மாவுக்கு மூச்சே இல்லை. பிறகு டகடகவென்று ஒரு சத்தம் அறையை நிறைத்தது. ரேடியோவின் ஓவர்லாக் மெஷின் முழு வேகத்தில் ஓடுகிற சத்தம் போலவே இருந்தது. மாஸ்டரம்மா சுவரோரம் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

வந்த டாக்டர் இளவயதுப் பெண். "காய்ச்சல் எப்ப ஆரம்பிச்சது?" என்று கேட்டார்.

"வியாழக்கிழமை, மூணு மணிக்கு" என்றாள் காஜா, இரண்டிரண்டு வார்த்தையாக. "பதினேழாவது சட்டை. நாலாவது காஜா. மூணாவது எடுக்கறப்ப நல்லா இருந்தேன்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "இவ்வளவு சரியா நேரம் சொல்ல முடியுதுன்னா அதுவே ஒரு அடையாளம்தான். சாதாரணச் சளி மெதுவா வந்து மெதுவாப் போகும். ஃப்ளூ கதவைத் தள்ளிக்கிட்டு வரும். திடீர்னு காய்ச்சல், குளிர், தலைவலி, அடிச்சுப் போட்ட மாதிரி உடம்பு வலி, வறட்டு இருமல். மூக்குல சாம்பிள் எடுக்கிறோம். ஆனா ரிசல்ட்டுக்குக் காத்திருக்கப் போறதில்லை, மருந்தை இப்பவே ஆரம்பிச்சிடலாம். காய்ச்சல் வந்து ரெண்டு நாளுக்குள்ள கொடுத்தா நல்லாக் கேட்கும்."

அந்த நேரத்தில்தான் மகன் வந்து சேர்ந்தான். வேன் சாவி இன்னும் கையில் இருந்தது. கதவருகே நின்று மனைவியைப் பார்த்தவன் உள்ளே வருவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான்.

"இந்த வருஷம் தடுப்பூசி போட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

மாஸ்டரம்மா தரையைப் பார்த்தாள்.

"இல்லை டாக்டர்" என்றாள் காஜா, குழாய்க்கு அடியிலிருந்து. "போட்டுக்கச் சொன்னாங்க. நான்தான் மறந்துட்டேன்."

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று பழமொழி சொல்வார்கள். இங்கே மாமியார் உடைத்த பொன்குடத்தை மருமகள் தான் உடைத்ததாகத் தலையில் போட்டுக்கொண்டாள், அதுவும் பேச மூச்சு இல்லாத நேரத்தில். மாஸ்டரம்மா வாயைத் திறந்தாள். எந்தச் சபையிலும் பதில் சொல்லத் தயங்காத வாய் அது. ஒரு வார்த்தை வரவில்லை. "மறந்துட்டியா?" என்று மகன் கேட்டது மட்டும் காதில் விழுந்தது.

டாக்டர் மாஸ்டரம்மாவை வெளியே அழைத்துப் போய் விசாரித்தார். வீட்டில் முதலில் யாருக்கு வந்தது, அவர் என்ன செய்தார் என்று கேட்டார்.

"எனக்குத்தான். மாத்திரை போட்டுக்கிட்டு வேலைக்குப் போனேன்."

"மாத்திரை சூட்டைத்தாம்மா குறைக்கும். கிருமி உள்ள இருந்துக்கிட்டேதான் இருக்கும். நீங்க இருமினப்ப, பேசினப்பல்லாம் அது பக்கத்துல இருக்கறவங்களுக்குப் போயிருக்கும். ஜன்னல் திறந்திருக்குமா?"

"இல்லை. காகிதம் பறக்கும்."

டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூட மாஸ்டரம்மா தாங்கியிருப்பாள். "நாங்க அதைப் பஞ்சு இருமல்னு நினைச்சோம் டாக்டர்" என்றாள்.

"தூசி இருமலுக்குக் காய்ச்சல் வராதும்மா. உடம்பு வலியும் வராது. அதை வெச்சே பிரிச்சுப் பார்த்துக்கலாம். வயசானவங்க, சின்னப் பிள்ளைங்க, ஆஸ்துமா, சக்கரை உள்ளவங்க, கர்ப்பிணிங்க, இவங்களுக்கெல்லாம் காய்ச்சல் வந்த அன்னிக்கே டாக்டர்கிட்ட வந்திடணும். மூச்சு வாங்கறது, நெஞ்சு வலிக்கிறது, புத்தி குழம்பறது, குறைஞ்ச காய்ச்சல் திரும்பி வர்றது, இதுல எதைப் பார்த்தாலும் யாரா இருந்தாலும் ஓடி வரணும். மூச்சு வாங்கறதை நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

மாஸ்டரம்மா கழுத்தில் தொங்கிய டேப்பைத் தொட்டுக் காட்டி நடந்ததைச் சொன்னாள். டாக்டர் அந்த டேப்பைக் கையில் வாங்கி ஒரு நிமிஷம் பார்த்தார். "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா கஷ்டமாப் போயிருக்கும். நல்ல வேளை" என்றார்.

அந்த "நல்ல வேளை"யைப் பிடித்துக்கொண்டுதான் மாஸ்டரம்மா இரண்டு நாளைக் கழித்தாள். பரிசோதனையில் ஃப்ளூ என்றே வந்தது. காலை ஒன்று, மாலை ஒன்று என்று மாத்திரை போனது. ஞாயிறு மாலை மூச்சின் வேகம் இறங்கியது. திங்கட்கிழமை காலை குழாயை எடுத்துவிட்டார்கள். விரல் கிளிப் தொண்ணூற்றேழு காட்டியது. காஜா தலைசீவிக்கொள்ளச் சீப்பு கேட்டாள். பிள்ளை உள்ளே முழங்கையால் இடிக்கிறது என்று புகார் சொன்னாள். மாஸ்டரம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. கிளிப்பும் மெஷினும் என்ன சொன்னாலும் அவளுக்கு அவளுடைய கருவிதான் சாட்சி. டேப்பை எடுத்து மருமகளின் மார்பைச் சுற்றிப் பிடித்தாள்.

"சாதாரணமா இரு" என்றாள்.

"சாதாரணமாத்தான் இருக்கேன் அத்தை."

ஒரு மூச்சு, இரண்டு, மூன்று. டேப் முப்பத்தெட்டில் வந்து நின்றது. மாஸ்டரம்மா டேப்பை விடாமல் அப்படியே மருமகளின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். சுற்றுக்கு வந்த டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, மற்றக் கட்டில்களை முடித்துக்கொண்டு வந்தார்.

"காய்ச்சல் விட்டாச்சே, இன்னியோட மாத்திரையை நிறுத்திடலாமா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள் மாஸ்டரம்மா. "விருந்தும் மருந்தும் மூணு நாள்னு சொல்வாங்களே."

"அதைச் சொன்னவருக்கு இந்தக் கிருமியைத் தெரியாதும்மா. அஞ்சு நாள், பத்து மாத்திரை. விருந்தை வேணும்னா மூணு நாளோட நிறுத்திக்குங்க."

ரேடியோவும் இஸ்திரிக்காரரும் வீட்டிலேயே படுத்து, தண்ணீர் நிறையக் குடித்து, ஒரு வாரத்தில் தேறிவிட்டார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. சீருடைகள் ஒரு வாரம் தாமதமாகப் போயின. காய்ச்சல்காரர்கள் தைத்துக் கொண்டு வராததே பெரிய உபகாரம் என்றார் பெரிய சிஸ்டர்.

இஸ்திரிக்காரர் திரும்பி வந்த அன்று மாஸ்டரம்மா அவர் கையில் சுத்தியலைக் கொடுத்தாள். ஆறு கொக்கிகளையும் தட்டித் திறக்க அரை நாள் ஆனது. மெல்லிய காகிதங்களுக்குப் பதில் தடித்த அட்டையில் அளவுகளை வெட்டினாள். கீழே சைக்கிள் கடையிலிருந்து பழைய பெடல்களை வாங்கி வந்து துணியின் மேல் பாரமாக வைத்தாள். எந்தக் காற்றுக்கும் துணி நகரவில்லை. ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் நூல் நனைக்க ஈர ஸ்பாஞ்சும், நூல் அறுக்கக் குட்டிக் கத்தரியும் வந்தன. கை கழுவும் தொட்டியில் சோப்பு தீரவே தீராது. காய்ச்சல் என்றால் வீடு. மாத்திரை போடாமலே காய்ச்சல் விட்டு ஒரு முழு நாள் ஆன பிறகுதான் கூடத்துக்குள் வரலாம்.

"இருமினா கையை வெச்சு மூடாதீங்க, முழங்கை மடிப்புல இருமுங்க" என்று பாடம் வேறு நடத்தினாள்.

"சொல்றது யாரு" என்றாள் ரேடியோ.

"பட்டவதான் சொல்றேன், கேட்டுக்க."

பத்து மாதம் நிறைந்து பெண் குழந்தை பிறந்தது. அழுத அழுகையில் அதற்கு ரேடியோவின் வாரிசு என்று பெயர் வந்தது. எல்லாம் சுகம்தான். ஆனால் மாஸ்டரம்மாவுக்குள் ஒரு முள் மட்டும் எடுபடாமல் கிடந்தது. மகனுக்கு வேடிக்கையாகப் பேசுவதாக நினைப்பு. மனைவி அடுப்பில் பாலை மறந்தால், "ஊசியையே மறந்தவளாச்சே, பால் எம்மாத்திரம்" என்பான். அவன் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவளும் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஒருநாளும் மாமியார் பக்கம் கண்ணைத் திருப்பவில்லை. அப்படித் திருப்பாததுதான் மாஸ்டரம்மாவைக் குத்தியது. இன்று சொல்லிவிடுவோம் என்று தினமும் நினைத்தாள். தினமும் ஏதோ ஒரு வேலை வந்தது.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் பெரிய சிஸ்டரிடமிருந்து தகவல் வந்தது. இந்த ஊசி வருஷா வருஷம் போட வேண்டியது, கிருமி ஆண்டுக்காண்டு வேஷம் மாற்றிக்கொண்டு வரும், இந்தத் தடவை கூடத்தோடு வாருங்கள் என்று. மாஸ்டரம்மா எல்லோரையும் திரட்டிக்கொண்டு போனாள். துணி அறைக்கு வெளியே வரிசை. குழந்தைக்கும் ஆறு மாதம் தாண்டிவிட்டதால் அதற்கும் உண்டு. அது ஒரு கணம் வீறிட்டு, பெரிய சிஸ்டரின் பேனாவைப் பார்த்ததும் அழுகையை மறந்தது.

அடுத்தது மாஸ்டரம்மா. அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. உரலில் தலையைக் கொடுத்த பிறகு உலக்கைக்குப் பயந்தால் ஆகுமா என்று தனக்கே சொல்லிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பின்னால் மகன் மனைவியின் தோளைத் தட்டி, "இந்தத் தடவை மறந்துடாதே, மறதிக்காரி" என்றான். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். காஜாவும் சிரித்தாள். பெரிய சிஸ்டர் மட்டும் சிரிக்காமல் மாஸ்டரம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பஞ்சை மருந்தில் நனைத்தார்.

"அவ மறக்கலை" என்றாள் மாஸ்டரம்மா.

மகன் திரும்பினான்.

"சட்டைக் கையை மடிக்கப் போனவளை நான்தான் தடுத்தேன். சிஸ்டர் அவ்வளவு எடுத்துச் சொல்லியும் வேண்டாம்னேன். பிள்ளை மேல இருந்த அக்கறைன்னு நினைச்சுக்கிட்டேன், அது என் பயம்டா. எனக்கு இந்த ஊசின்னா பயம். அவ என் மானத்தைக் காப்பாத்தறதுக்காகத் தன் மேல போட்டுக்கிட்டா. இனிமே அவளை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடாதே."

மகன் மனைவியைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். காஜா நாற்காலியின் பக்கத்தில் வந்து மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கு அத்தை இப்ப போய்" என்றாள்.

"இப்பவாவது சொல்றேனே" என்றாள் மாஸ்டரம்மா. மனசு லேசாக, பெரிய சிஸ்டர் பக்கம் திரும்பிக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "சரி சிஸ்டர், குத்துங்க. குத்தறப்ப சொல்லிட்டுக் குத்துங்க."

"குத்தி எவ்வளவு நேரமாச்சு" என்றார் பெரிய சிஸ்டர். "எழுந்திரிங்கம்மா, உங்க மருமக உட்காரட்டும்."